கட்டடம் கேளுங்க: தோட்டத்து மெதடிஸ்ட் கோயில் கலைக்கூடம் ஆகுமா?

மலேசியாவில், கீழ்ப் பேராக்கில், தெலுக் இந்தான் வட்டாரத்தில், ஒரு தோட்டப் பட்டணம். அங்கே சாலையோரமாக நிற்கிற பழைய மெதடிஸ்ட் சிற்றாலயத்தில் ஆராதனை நின்று கொஞ்ச காலம் ஆகிறது. கித்தா (ரப்பர்) போய்ச் செம்பனை வந்தது, தொழிலாளர்களின் லயத்து வீடுகள் காலியாயின, மிச்சமிருந்த சபையார் பெரிய பட்டணத்துச் சபையோடு சேர்ந்துகொண்டார்கள். இப்போது அந்தக் கட்டடத்தை நடனம், நாடகம், ஓவியக் கண்காட்சி என்று எல்லாவற்றுக்கும் ஆகிற மாதிரி கலைக்கூடமாக்கலாமா என்று ஊரில் பேச்சு. அதைப் பற்றி வந்த கடிதங்களைச் சேர்த்து இந்த இதழில் பதில் சொல்கிறேன். கட்டடத்தையும் நேரில் போய்ப் பார்த்தேன்.

கோயிலில் கூத்துக் கட்டுவது கர்த்தருக்குச் செய்கிற துரோகம் என்று சபைப் பெரியவர்கள் சிலர் வருத்தப்படுகிறார்கள், ஐயா. வேறு எங்காவது இப்படிச் செய்திருக்கிறார்களா? எப்படி அவர்களிடம் பேசுவது?
(அந்த ஊர் நாடகக் குழு இளைஞர்)

துரோகமா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல நான் போதகர் இல்லை, தம்பி. ஆனால் பெரியவர்களிடம் பேசும்போது அவர்கள் சபையின் சரித்திரத்திலிருந்தே ஆரம்பியுங்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1739-இல் லண்டனில் தமக்கென்று பிடித்த இடம் ஒரு பாழடைந்த பீரங்கி வார்ப்பாலை. வெடிவிபத்தில் சேதமாகி, அரசாங்கம் கைவிட்டுப்போன கட்டடம். அதை வாங்கிப் பழுதுபார்த்து, பெஞ்சு போட்டு, 1778-இல் சிட்டி ரோட்டில் புதுக் கோயில் எழும்பும் வரைக்கும் அங்கேதான் பிரசங்கம் நடந்தது. ஒரு வேலைக்குக் கட்டியதை இன்னொரு வேலைக்கு எடுத்துக்கொள்வது மெதடிஸ்டுகளுக்குப் புதுசே இல்லை. அதோடு, கட்டடத்தை ஆராதனைப் பணியிலிருந்து விடுவிக்க ஒரு வழிபாட்டு முறையும் அவர்கள் மரபில் உண்டு. பெரியவர்கள் முன்னிலையில் அதை முறையாக நடத்திக் கொடுக்கச் சொல்லிப் போதகரிடம் கேளுங்கள். பாதி வருத்தம் அங்கேயே தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் கூத்தை விட, யாரிடமும் சொல்லாமல் செய்துவிடுவார்களோ என்பதுதான் அவர்கள் பயமாக எனக்குப் படுகிறது.

முன்னுதாரணம் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். சிங்கப்பூர் மிடில் ரோட்டில், 1870-களில் கிறிஸ்டியன் இன்ஸ்டிட்யூட் என்று கட்டிய சின்னக் கட்டடம் ஒன்று, கூர்முனை வளைவு ஜன்னல்களோடு, இன்னும் நிற்கிறது. 1890-களில் அது மெதடிஸ்டுகள் கைக்கு வந்து, மலாய் பேசும் பெரானாக்கான் (இங்கேயே வேரூன்றிய சீனர்) சபையின் கோயிலாக இருந்தது. 1930 வாக்கில் அந்தச் சபை கம்போங் காப்பூருக்குப் புதுக் கோயில் கட்டிப் போய்விட, இந்தக் கட்டடம் பிற்பாடு சாப்பாட்டுக்கடையாகவும் கார் பட்டறையாகவும் கூட இருந்திருக்கிறது. 1999-இல் ஸ்கல்ப்சர் ஸ்குவேர் என்ற பெயரில் சிற்பக்கூடமானது, இப்போது அப்ஜெக்டிஃப்ஸ் என்ற புகைப்பட, திரைப்பட மையம் அங்கே இயங்குகிறது. பக்கத்து ஷார்ட் ஸ்ட்ரீட்டில் தமிழ் மெதடிஸ்ட் சபை இருக்கிறது. அங்கே ஞாயிற்றுக்கிழமை போகிற சொந்தக்காரர்கள் உங்கள் ஊரில் யாருக்காவது இருப்பார்கள், பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு ஒரு நடை போய் இரண்டையும் பார்த்துவிட்டு வாருங்கள். கண்ணால் பார்த்தபிறகு பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

தூரத்தில் வேண்டுமானால் இரண்டு சொல்கிறேன். வேல்ஸில் மாகன்லெத் என்ற சிற்றூரில் ஒரு வெஸ்லியன் கோயில் 1986-இல் கலை மையமானது. அங்கே பைன் மரப் பெஞ்சுகளை எடுக்கவே இல்லை, பார்வையாளர்கள் அதிலேயே உட்கார்ந்து கச்சேரி கேட்கிறார்கள். மான்செஸ்டரில் ஆல்பர்ட் ஹால் வேறு ரகம். 1910 வாக்கில் வெஸ்லியன் மிஷன் கட்டி முடித்த பிரம்மாண்டமான மண்டபம், மாடம் சுற்றி வளைந்து வரும், மேல் மண்டபம் பல பத்தாண்டுகள் பூட்டிக் கிடந்து 2013-இல் இசை அரங்காகத் திறந்தது. ஊர் அளவும் காசும் பார்த்தால் நீங்கள் பின்பற்ற வேண்டியது மாகன்லெத்தை. மூன்று இடத்திலும் ஒன்று மட்டும் பொது: பெரிய அறையை அறையாகவே விட்டிருக்கிறார்கள். நான் சொல்ல வருவதும் அதுதான். அந்தக் கோயிலில் காப்பாற்ற வேண்டிய முதல் பொருள் உள்ளே இருக்கிற வெற்றிடம். அதை அலுவலகம், ஸ்டோர், உடை மாற்றும் அறை என்று பலகை அடித்துத் துண்டு போட்டீர்களானால், வெளியே சுவர் அழகாக நின்று பிரயோஜனம் இல்லை. உடை மாற்றும் அறை பின்னால் தனியாக ஒரு கொட்டகையில் இருக்கட்டும்.

இதில் என்ன பெரிய கட்டடக்கலை இருக்கிறது? கோபுரம் இல்லை, சுரூபம் இல்லை, வண்ணக் கண்ணாடி இல்லை. பார்த்தால் தோட்டத்துப் பள்ளிக்கூடம் மாதிரிதான் இருக்கிறது. சும்மா பழசு என்பதற்காகக் கொண்டாடுகிறோமா?
(பாகான் டத்தோ வாசகர்)

நல்ல கேள்வி, கோபமான கேள்வியும் கூட. பள்ளிக்கூடம் மாதிரி இருப்பது தற்செயல் இல்லை ஐயா. மெதடிஸ்டுகள் கட்டியது பலிபீடத்தைப் பார்க்கிற இடத்தை அல்ல, பிரசங்கத்தைக் கேட்கிற இடத்தை. பூசை மையமான கோயிலில் நீண்ட நடை வேண்டும், தூரத்தில் பீடம் வேண்டும், நடுவில் தூண்கள் வந்தாலும் பாதகமில்லை. இங்கே அப்படி முடியாது. பேசுகிறவர் முகம் கடைசி வரிசைக்குத் தெரிய வேண்டும், குரல் போய்ச் சேர வேண்டும்.

வெஸ்லி இதில் எவ்வளவு கறாராக இருந்தார் என்பது அவருடைய சபைக் குறிப்புகளைப் படித்தால் தெரியும். நிலம் இடம்கொடுத்தால் எண்கோண வடிவில் கட்டுங்கள், குரலுக்கு அதுதான் நல்லது என்கிறார். யார்க்‌ஷயரில் ஹெப்டன்ஸ்டாலில் 1764-இல் அஸ்திவாரம் போட்ட எண்கோணக் கோயில் ஒன்று இன்றைக்கும் நிற்கிறது. அதோடு விட்டாரா? கூரை அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழும்பக் கூடாது, கதவும் ஜன்னலும் போதுமான அளவு இருக்க வேண்டும், ஜன்னல் கீழே இறக்கித் திறக்கிற மாதிரி இருக்க வேண்டும், பெஞ்சுக்கு முதுகுச் சாய்வு வேண்டாம், நடுவில் ஒரு கம்பி ஓடி ஆண்களையும் பெண்களையும் பிரிக்க வேண்டும். கடைசியில் சொன்னதை வாசித்ததும் நம் ஊர்ப் பாட்டிமார் இடப்பக்கமும் தாத்தாமார் வலப்பக்கமும் உட்கார்ந்த பழக்கம் உங்களுக்கும் ஞாபகம் வரும்.

நம் ஊர்க் கோயிலில் எண்கோணம் இல்லை, சாதாரண நீள்சதுரம். ஆனால் உள்ளே தூண் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனித்தீர்களா? சுவருக்குச் சுவர் மரச் சட்டம் பாய்ந்து கூரையைத் தாங்குகிறது. அருகே போய்ப் பார்த்தால் அந்தக் குறுக்குச் சட்டங்கள் ரம்பத்தால் அறுத்தவை அல்ல, வாய்ச்சியால் செதுக்கினவை. செதில் செதிலாக வெட்டு விழுந்த தடம் கைக்குத் தட்டுப்படுகிறது. நிறத்தையும் கனத்தையும் பார்த்தால் செங்கால் என்கிற கெட்டியான காட்டு மரம் மாதிரி தெரிகிறது. ஜன்னலின் மேல்பாதி கூர்முனை வளைவு, இங்கிலாந்துக்காரன் ஆசைக்கு. கீழ்ப்பாதி சாய்சட்டம் வைத்த மரக்கதவு, மலாயா வெயிலுக்கு. ஜன்னலுக்கும் மேலே, கூரை ஆரம்பிக்கிற இடத்தில், கல்லில் பூ வெட்டின மாதிரி காற்றுத் துளைகள். சூடான காற்று மேலே போய் அதன் வழியாக வெளியேறும். வெளியே நான்கு பக்கமும் கூரை நன்றாக நீண்டு இறங்கி மழையைச் சுவரில் படாமல் தள்ளி விடுகிறது. ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டர் அளவுக்கு மழை கொட்டுகிற நாட்டில் இந்த ஒரு நீட்டலுக்கே அந்தக் கொத்தனாருக்குச் சம்பளம் கொடுக்கலாம்.

இதுதான் அதிலிருக்கிற கட்டடக்கலை. கேட்பதற்கும் மூச்சு விடுவதற்கும் கட்டின ஒரு பெட்டி. நாடகக் கொட்டகைக்கு இதை விட என்ன வேண்டும்?

போன தீபாவளிக்கு என் மாணவிகளை அங்கே ஆட வைத்தேன். ஜதி சொல்லச் சொல்ல ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குழம்பியது, தாளமே புரியவில்லை. மைக் சத்தத்தைக் கூட்டினால் இன்னும் மோசம். நீங்கள் என்னடா என்றால் குரலுக்குக் கட்டின இடம் என்று எழுதுகிறீர்கள்!
(பரதநாட்டிய ஆசிரியை)

அம்மா, அன்றைக்கு ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்ததா? பெஞ்சுகள் வெளியே கிடந்தனவா? பெரும்பாலும் இரண்டுக்கும் ஆமாம் என்றுதான் சொல்வீர்கள்.

ஒலிக்கு ஒரு கணக்கு உண்டு. 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டின ஒரு விரிவுரைக் கூடத்தில் யார் பேசினாலும் ஒன்றும் விளங்கவில்லை, ஒரு சொல் சொன்னால் அது கரைய 5 வினாடிக்கு மேல் ஆனது. வாலஸ் சபைன் என்கிற இளம் பேராசிரியரை அதைச் சரிபண்ணச் சொன்னார்கள். அவர் பக்கத்து அரங்கத்திலிருந்து நாற்காலி மெத்தைகளை ராத்திரி ராத்திரியாகத் தூக்கி வந்து அடுக்கி, ஓர் ஆர்கன் குழலை ஊதி, சத்தம் எத்தனை நேரத்தில் அடங்குகிறது என்று அளந்து பார்த்தார். கடைசியில் கிடைத்தது எளிமையான சூத்திரம்: அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, அறையில் ஒலியை உறிஞ்சுகிற மொத்தப் பரப்பால் வகுத்தால், சத்தம் அடங்குகிற நேரம் வினாடியில் வரும். உறிஞ்சுவதற்கு அவர் எடுத்துக்கொண்ட அளவுகோல் என்ன தெரியுமா? திறந்த ஜன்னல். வெளியே போன சத்தம் திரும்பி வராது, ஆகவே ஒரு சதுர மீட்டர் திறந்த ஜன்னல் என்றால் முழுசாக ஒரு சதுர மீட்டர் உறிஞ்சல்.

இப்போது நம் கோயிலுக்கு வருவோம். உள்ளளவு ஏறக்குறைய 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம், 6.5 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால் கன அளவு 1,053 கன மீட்டர். சுண்ணாம்புச் சுவர், சிமெண்டுத் தரை, மேலே மரப்பலகை, இவையெல்லாம் சேர்ந்தாலும் உறிஞ்சல் 40 சதுர மீட்டரைத் தாண்டாது. காலியாக, ஜன்னல் சாத்திக் கிடந்தால் சத்தம் அடங்க 4 வினாடிக்கு மேல். ஜதிக்கு இது கொலை. 120 பேர் வந்து உட்கார்ந்தால் ஆளுக்கு அரை சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக உறிஞ்சுவார்கள், நேரம் 1.8 வினாடிக்கு இறங்கிவிடும். அப்புறம் ஜன்னல்களையும் திறந்து விடுங்கள், பத்து ஜன்னலும் சேர்ந்து 24 சதுர மீட்டர் வரும் என்றால், 1.4 வினாடி. பாட்டுக்கு அருமை, பேச்சுக்குப் பரவாயில்லை. பிரசங்க பீடப் பக்கத்துச் சுவரிலும் அதற்கு எதிர்ச்சுவரிலும் கனமான மடிப்புத் திரை தொங்கவிட்டால் 1 வினாடியை நெருங்கலாம், ஜதிக்கு அது போதும். பாடகர் குழு பாடுகிற நாளில் திரையைச் சுருட்டிவிடுங்கள். மைக் சத்தத்தைக் கூட்டியது ஏன் உதவவில்லை என்று இப்போது புரிந்திருக்கும். நேரம் மாறாது, சத்தம் மட்டும் பெருகும். பெரிய ஸ்பீக்கர் இரண்டுக்குப் பதில் சின்னதாக நான்கை வரிசைகளுக்குப் பக்கத்தில் வைத்து, சத்தத்தைக் குறைத்து விடுங்கள்.

சத்தத்தை விட எனக்குக் கவலை தரை. அந்தச் சிவப்புக் காவி சிமெண்டுத் தரையில் பிள்ளைகள் வாரா வாரம் தட்டடவு போட்டால் முழங்கால் தாங்காது. மரச்சட்டத்தின் அடியில் ரப்பர் துண்டு வைத்து, மேலே இரண்டு அடுக்குப் பிளைவுட் போட்ட மேடை, தனித்தனிப் பலகையாகப் பிரித்தெடுக்கிற மாதிரி செய்யுங்கள். தரையில் ஒரு ஆணிகூட இறங்க வேண்டாம்.

சுவர் இடுப்பளவுக்கு உரிந்து கொட்டுகிறது. குத்தகைக்காரர் (காண்ட்ராக்டர்) எல்லாவற்றையும் தட்டிவிட்டு நல்ல சிமெண்டுப் பூச்சு பூசி, நான்கடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டிவிடலாம், இருபது வருஷத்துக்குக் கவலையில்லை என்கிறார். சம்மதிக்கலாமா?
(கோயில் பராமரிப்புக் குழுவிலிருந்து)

வேண்டவே வேண்டாம். அந்தச் சுவருக்கு வந்த நோயே சிமெண்டுதான்.

நான் போனபோது வடக்குச் சுவரில் உப்பிக்கொண்டிருந்த இடத்தில் விரலால் லேசாகத் தட்டினேன், வெறும் டப்பா சத்தம். விளிம்பைப் பிடித்து இழுத்ததும் ஓர் ஓடு மாதிரி ஒரே துண்டாகக் கையோடு வந்தது, சாம்பல் நிறச் சிமெண்டு, முக்கால் அங்குலக் கனம். அதன் பின்னால் பழைய சுண்ணாம்புப் பூச்சு மாவாகக் கிடந்தது, அதற்கும் பின்னால் செங்கல் ஈரமாக, நகத்தால் கீறினால் பொடியாக உதிர்கிற நிலையில். மேலே வெள்ளையாகப் பூத்திருந்ததை நாக்கில் வைத்துப் பார்த்தால் உப்புக் கரித்தது (நீங்கள் இதைச் செய்ய வேண்டாம், பெயிண்டில் என்ன இருக்குமோ).

நடந்தது இதுதான். அந்தக் காலத்துச் சுவரில் அஸ்திவாரத்துக்கு மேல் ஈரம் தடுக்கும் படலம் கிடையாது. மண்ணிலிருந்து ஈரம் ஏறும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக மெல்ல வெளியேறிக் காய்ந்துவிடும். ஏறுவதும் காய்வதும் சமமாக இருக்கும் வரை சுவருக்கு ஒன்றும் ஆகாது. யாரோ ஒரு காலத்தில் நல்ல எண்ணத்தில் சிமெண்டைப் பூசி, மேலே பளபளப்பான பிளாஸ்டிக் பெயிண்டும் அடித்துவிட்டார்கள். வெளியேற வழி அடைபட்ட ஈரம் இன்னும் மேலே ஏறியது, ஏறும்போது மண்ணிலிருந்த உப்பையும் தூக்கிக்கொண்டு போனது. உப்பு காய்ந்து படிகமாகும்போது பூச்சைப் பிளக்கும், செங்கல் முகத்தையே உதிர்க்கும். டைல்ஸ் ஒட்டினால் ஈரம் நான்கடிக்கு மேலே போய்ப் பூக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். பிறகு குறுக்குச் சட்டத்தின் நுனி சுவருக்குள் இறங்குகிற இடம் வரைக்கும் ஈரம் போனதென்றால் கதை முடிந்தது.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் சுவரைத் தொடாதீர்கள், வெளியே போங்கள். காலப்போக்கில் மண் ஏறி, உள்தரையை விட வெளிமண் உயரமாக இருக்கிறது, கிழக்குப் பக்கம் யாரோ பூச்செடிப் பாத்தி வேறு கட்டியிருக்கிறார்கள். அதை எடுத்து, மண்ணை வெட்டித் தாழ்த்தி, கூரைத் தண்ணீர் விழுகிற கோட்டில் வடிகால் ஓட விடுங்கள். அப்புறம் சிமெண்டுப் பூச்சை உளியால் மெதுவாக எடுத்து (பிரேக்கர் மெஷின் கூடாது, செங்கல் போய்விடும்) சுவரை அம்மணமாகச் சில மாதம் விட்டுவிடுங்கள். உப்பைத் துடைப்பத்தால் பெருக்கிப் பெருக்கி அள்ளுங்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவினால் திரும்ப உள்ளே போய்விடும். காய்ந்த பிறகு சுண்ணாம்பும் மணலும் கலந்த பூச்சு, மேலே சுண்ணாம்பு வெள்ளை. நம் நாட்டுக் காற்றில் ஈரம் அதிகம், காய்வதற்கு நேரம் பிடிக்கும், திறப்புவிழாத் தேதியை முதலில் குறித்துவிட்டுப் பூச்சுக்காரரை விரட்டாதீர்கள்.

சுண்ணாம்பு என்றால் பலவீனம் என்று குத்தகைக்காரர் சிரிப்பார். சிங்கப்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தைக் காட்டுங்கள். 1850-களின் கடைசியில் இந்தியக் கைதிகளைக் கொண்டு கட்டின அந்தக் கட்டடத்துக்கு உள்ளே பூசியது மெட்ராஸ் சுண்ணம்: கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறின தண்ணீர். நம்ம பக்கத்துக் கைவேலை அது. குத்தகைக்காரர் அதைக் கற்றுக்கொள்ள மாட்டேன் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

ஏர்கான் போடலாமா? வியர்வையில் யார் நாடகம் பார்க்க வருவார்கள்?
(அதே குழுவில் இன்னொருவர்)

போட்டால் ஜன்னல் சாத்த வேண்டும், கூரைக்குக் கீழே பொய்க்கூரை அடிக்க வேண்டும், காற்றுத் துளையை அடைக்க வேண்டும். மேலே மூன்று பதிலில் சொன்னதெல்லாம் ஒரே நாளில் வீண். நீளக் கம்பியில் தொங்குகிற பெரிய மின்விசிறி, அடைத்துக் கிடக்கிற காற்றுத் துளைகளில் குருவிக்கூட்டை எடுத்துவிட்டு வலை அடிப்பது, நிகழ்ச்சியை இரவு எட்டு மணிக்கு வைப்பது, இவை போதும். ஒரு சின்ன அறைக்குக் குளிர்சாதனம் வேண்டுமென்றால் பின்கொட்டகையில் ஒப்பனை அறைக்குப் போடுங்கள், மேக்கப் கரையாமல் இருக்கும்.

மழைச் சத்தம் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். பின்பக்கக் கூரையில் ஓடு போய்த் தகடு போட்டிருக்கிறார்கள். சாயங்கால மழை பிடித்தால் வசனம் ஒன்றும் கேட்காது. காசு வரும்போது அந்தப் பகுதிக்கு மட்டும் ஓட்டைத் திரும்பக் கொண்டு வாருங்கள். முன்வாசல் தாழ்வாரத்தின் மேல் கிடக்கிற சாம்பல் நிறப் பழைய அலைத்தகடு அஸ்பெஸ்டாஸாக இருக்கலாம், யாரும் அதில் துளை போடவோ அறுக்கவோ வேண்டாம். சோதித்துப் பார்த்துவிட்டு, அதற்கென்று உரிமம் உள்ளவர்கள் எடுக்கட்டும்.

ஏன் இத்தனை தலைவலி? இடித்துவிட்டுப் புதிதாக ஒரு மண்டபம் கட்டினால் என்ன?
(பீடோர் வாசகர்)

உங்கள் ஊர்ப் பாலாய் ராயாவுக்கு (பொது மண்டபத்துக்கு) போய், மைக் இல்லாமல் நின்று நான்கு வரி பேசிப் பாருங்கள். அப்புறம் இந்தக் கோயிலில் பீடத்தருகே நின்று அதே நான்கு வரி. வேறு பதில் வேண்டாம்.

யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? சபையார் சரி என்று சொல்லிவிட்டால் போதுமா?
(நாடகக் குழு இளைஞர் மீண்டும்)

போதாது தம்பி. மெதடிஸ்ட் அமைப்பில் கட்டடமும் நிலமும் பெரும்பாலும் அந்தந்த ஊர்ச் சபையின் பெயரில் இருக்காது, திருச்சபையின் அறங்காவலர் பெயரில் இருக்கும். மலேசிய மெதடிஸ்ட் திருச்சபையில் தமிழ்ச் சபைகளுக்கென்று தனி ஆண்டு மாநாடு இருக்கிறது, பேச்சை அங்கிருந்து ஆரம்பியுங்கள். விற்கச் சொல்லாதீர்கள். நீண்ட காலக் குத்தகை கேளுங்கள், என்னென்ன செய்யக் கூடாது என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். வாய்மொழிச் சம்மதத்தை நம்பிக் கூரை மாற்றி, போதகர் மாறியதும் சாவியைப் பறிகொடுத்த குழுக்களை எனக்குத் தெரியும்.

அடுத்து கிராண்டை (நிலப் பட்டாவை) எடுத்துப் பாருங்கள். நிலத்தின் நிபந்தனையில் வழிபாட்டுக்கு மட்டும் என்று எழுதியிருந்தால் நில அலுவலகத்தில் நிபந்தனை மாற்றக் கேட்க வேண்டும். கட்டடத்தின் பயன்பாட்டை மாற்றுவதே 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி மேம்பாட்டில் சேரும், ஆகவே மாவட்ட மன்றத்தில் திட்ட அனுமதி. சுவரையோ கூரையையோ தொடுவதற்குக் கட்டட வரைபட அனுமதி தனி. டிக்கெட் விற்றுக் கூட்டம் கூட்டுவதற்குக் கேளிக்கை உரிமம். பொம்பாக்காரர்கள் (தீயணைப்புத் துறையினர்) வெளியேறும் வழியைப் பார்ப்பார்கள். பக்கவாட்டுக் கதவுகள் இரண்டும் உள்பக்கமாகத் திறக்கின்றன, வெளிப்பக்கமாகத் திறக்க வைக்கச் சொல்வார்கள், சண்டை போடாமல் செய்யுங்கள், பழைய கதவையே கீல் மாற்றித் திருப்பி மாட்டலாம்.

2005-இல் வந்த தேசிய மரபுடைமைச் சட்டத்தில் பதிவு செய்யலாமா என்று கடிதத்தின் கீழே கேட்டிருந்தீர்கள். ஜபாத்தான் வாரிசான் நெகாராவுக்கு (தேசிய மரபுடைமைத் துறைக்கு) எழுதிப் போடலாம், பழசு என்பதால் தானாக யாரும் பதிவில் சேர்த்துவிட மாட்டார்கள். பதில் வரும் வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டாம், இப்போது இருக்கிறபடி ஒவ்வொரு சுவரையும் ஜன்னலையும் அளந்து, படம் எடுத்து, தேதி போட்டு வையுங்கள். நீங்கள் சேர்க்கிற எதுவும் பின்னால் வருகிறவர்கள் கழற்றி எடுக்கிற மாதிரி இருக்க வேண்டும். பழங்கட்டட வேலையில் எல்லா நாட்டிலும் இதை முதலில் பார்ப்பார்கள்.

பிரசங்க பீடத்தையும் பெஞ்சுகளையும் என்ன செய்வது? அஸ்திவாரக் கல்லில் எழுத்து மங்கிவிட்டது, தங்கப் பெயிண்ட் அடிக்கலாமா?
(சபையில் பாட்டு நடத்திய அம்மையார்)

பீடத்தை எடுக்காதீர்கள் அம்மா. அது அறையின் நடுக்கோட்டில், எல்லாக் கண்ணும் போய்ச் சேருகிற இடத்தில் இருக்கிறது. நாடகத்தில் கதைசொல்லி நிற்க அதை விட நல்ல இடம் கிடைக்காது. திருவிருந்து மேசையும் ஞானஸ்நானத் தொட்டியும் வேறு, அவை சபையாரோடு புதுக் கோயிலுக்குப் போவதுதான் மரியாதை. நடனத்துக்குத் தரை வேண்டும் என்பதால் முன்வரிசைப் பெஞ்சுகள் நகர வேண்டியிருக்கும், பின்பாதியில் இருப்பவை அப்படியே இருக்கட்டும். அவையும் சேர்ந்துதான் எதிரொலியைக் குறைக்கின்றன.

கல்லில் தங்கப் பெயிண்டும் வேண்டாம், கம்பி பிரஷும் வேண்டாம், ஆசிட்டும் வேண்டாம். தண்ணீரில் நனைத்த மெல்லிய பிரஷால் பாசியை எடுங்கள். மாலையில் டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுத்தால் மங்கின எழுத்தும் நிழல் விழுந்து தெரியும், அதை வாசித்து ஒரு பலகையில் எழுதிப் பக்கத்தில் மாட்டுங்கள். வெளியே எடுக்கிற பெஞ்சுகளைச் சுவரோரம் சாத்திவைக்காதீர்கள், அந்த மேற்கு மூலையில் கறையான் புற்று கோடு போட்டு ஏற ஆரம்பித்திருக்கிறது. ஒரு முழம் தள்ளி, காலுக்கடியில் செங்கல் வைத்து அடுக்குங்கள், கறையான் மருந்துக்காரரை இந்த மாதமே கூப்பிடுங்கள்.